எச்சரிக்கை எண்

"அந்தப் பொண்ணோட ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம் சார். பாருங்க, பட்டப்பகல்ல தூங்கறா!"

கண்ணாடிக்கு அப்பால் மூலை மேசையைச் சுட்டிக்காட்டினார் தலைமைப் பொறியாளர். விசைப்பலகைக்குப் பக்கத்தில் தலை சாய்த்து, அயர்ந்து கிடந்தாள் அவள்.

மேலாளர் தயங்கினார். "கெட்டிக்காரப் பொண்ணாச்சேய்யா?"

"கெட்டிக்காரத்தனத்துக்கு இனி இங்க வேலையே இல்லை சார். அதான் நான் செட்டிங்ஸை ஒழுங்குபடுத்திட்டேனே!"

அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'செட்டிங்ஸ் சார்'. அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியதும், இணையதளத்தின் நிரலுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்த அமைப்புகளை எல்லாம், எச்சரிக்கை போகும் போன் எண் உட்பட, ஒரே கோப்பில் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். அந்தப் பெருமையைக் கேட்காத காது அந்தக் கட்டடத்தில் இல்லை, காவலாளிக்குக்கூட மனப்பாடம்.

"தளம் விழுந்து முடங்கினா என் போனுக்குத்தான் எச்சரிக்கை வரும். நான் ஒழுங்குபடுத்தினதுக்கப்புறம் ஒரு தடவை வந்திருக்குமா? மூச்! படுத்தா விடியறவரைக்கும் நிம்மதியான தூக்கம் சார்."

"எச்சரிக்கை ஒழுங்கா வேலை செய்யுதா?"

செட்டிங்ஸ் சாருக்குச் சுருக்கென்றது. "இப்பவே காட்டறேன்."

தன் கைபேசியை மேசை நடுவில் சாமி படம்போல் நிமிர்த்தி வைத்தார். சோதனைக்கென்று இருந்த நகல் தளத்தை நிறுத்தினார். அதற்கும் எச்சரிக்கை போவது அதே எண்ணுக்குத்தான்.

கைபேசி கல்லாகக் கிடந்தது.

அலறியது மூலை மேசையில் இருந்த அவள் கைபேசி.

அவள் வாரிச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். கண் முழுதாகத் திறப்பதற்குள் விரல்கள் தட்டத் தொடங்கிவிட்டன.

செட்டிங்ஸ் சார் பாய்ந்து போய் நின்றார். "என் நம்பரை எடுத்தது யாரு?"

"நான்தான் சார்." எழுந்து நின்றாள். "எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சுட்டீங்களா, ஒரு வரியை மாத்தினதும் வேலை முடிஞ்சுபோச்சு."

பின்னாலேயே வந்த மேலாளர் இருமிக்கொண்டார்.

"எதுக்கு மாத்தணும்?" செட்டிங்ஸ் சார் விடவில்லை. "தளம்தான் விழறதே இல்லையே!"

அவள் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தாள். அவர் கணினித் திரைக்குள் புகுந்துகொண்டார்.

"வாரத்துல ரெண்டு ராத்திரியாவது விழுது சார். எழுப்பி உக்கார வெச்சுட்டுத்தான் படுப்பேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நெஞ்சுல ஆபரேஷன் முடிஞ்சு வந்தவர் நீங்க. டாக்டர் பதட்டமே கூடாதுன்னிருக்கார்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. ராத்திரி நீங்க தூங்கணும்னுதான் சார்..."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "அப்ப என்னய்யா, ஒப்பந்தத்தை நிறுத்திடலாமா?"

செட்டிங்ஸ் சார் அவசரமாக நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"அந்தப் பேச்சையே எடுக்காதீங்க சார். எனக்குப் பதட்டம் ஆகாது!"