ஒட்டுக்கு ஒரு குச்சி

"சார், உங்க ஆப்பிள் மரத்துலேர்ந்து ஒரு குச்சி வேணும்" என்று பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் கேட்டபோது, குச்சியைக் கொடுக்க மருந்துக்கடைக்காரருக்கு மனமில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்த மரம்தான் அவருடைய பெருமை. ஆப்பிள் விளைகிற அந்த மலையூரிலும், அந்த ருசியில் ஒரு பழம் தெருவில் வேறு யார் வீட்டிலும் கிடையாது. கடைக்கு இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட, "இந்த வருஷம் காய்ப்பு எப்படி?" என்று மரத்தை விசாரித்துவிட்டுத்தான் சீட்டை நீட்டுவார்கள்.

"குச்சி எதுக்கு?"

"போன வருஷம் என் பொண்ணு காய்ச்சல்ல கிடந்தப்போ நாலு பழம் குடுத்தீங்களே. எது குடுத்தாலும் துப்பினவ, அதை மட்டும் சாப்பிட்டா. அதோட விதையை முளைக்க வச்சு வளத்திருக்கேன் சார். ஆனா விதையில வர்ற மரம் அதே பழத்தைக் குடுக்காதாம். உங்க மரத்துக் குச்சியை அதுல ஒட்டுக் கட்டினாத்தான் வருமாம்."

"அதுக்கென்ன, காலையில தர்றேன்."

காலையில் கத்தரியோடு, துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியைத் தாண்டி, தோட்டத்துக்குப் போனார். மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் வேலியோரம் நடந்தார்.

அங்கே தானாக முளைத்த இன்னொரு ஆப்பிள் மரம் இருந்தது. அதன் காயைக் கடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும், அப்படி ஒரு புளிப்பு. காக்காய்கூடச் சீண்டாது. இலை கொட்டி மொட்டையாக நிற்கிற நாட்கள். குச்சியைப் பார்த்து எந்த மரத்துடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

பென்சில் பருமனில் இரண்டு குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, மதிலுக்கு மேலே நீட்டினார்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று டிரைவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதே வார்த்தையைத் தெரு முழுக்கச் சொல்லவும் செய்தார். கடைக்கு வந்த நாலு பேர் மருந்துக்கடைக்காரரைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவர் மாத்திரை அட்டைகளை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டார்.

ஒரு நாள் மதில் மேல் டிரைவரின் தலை தெரிந்தது. "ஒட்டு பிடிச்சுடுச்சு சார். துளிர் விட்டிருக்கு."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டிரைவர் ஓய்ந்து போய் வீட்டுக்கு வருவார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், பூச்சி பார்ப்பார், பனிக்குச் சாக்கு கட்டுவார். புளிப்புக் காய்க்காக ஒரு மனுஷன் இந்தப் பாடுபடுகிறானே என்று மருந்துக்கடைக்காரருக்கு நெஞ்சை அறுக்கும்.

இப்போதே சொல்லிவிட்டால் வேறு குச்சி கட்டலாம், ஒரு வருஷம்தான் வீண் என்று முதல் வருஷம் நினைத்தார். அடுத்த வருஷம் இரண்டு வருஷம் வீண் ஆனது. தள்ளிப்போடப் போட, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

"அங்கிள், உங்க மரத்தோட குட்டி என்னைவிட உயரமாயிடுச்சு" என்றாள் டிரைவரின் மகள். அன்றிலிருந்து அவர் தோட்டத்தில் உட்காருவதையே விட்டுவிட்டார்.

"ஏன் இப்பல்லாம் தோட்டத்துப் பக்கமே போறதில்ல?" என்று மனைவி கேட்டாள்.

"கடையில வேலை சரியா இருக்கு."

அவள் மதில் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நாலாவது வருஷம் டிரைவரின் மரத்தில் ஆறு பழம் பழுத்தது. டிரைவர் நேரில் வந்து அழைத்தார். "சார், நீங்களும் அக்காவும் கட்டாயம் வரணும். முதல் பழத்தை நீங்கதான் வெட்டணும்."

போகாமலிருக்க என்னென்னவோ காரணம் யோசித்தார். மனைவி அதற்குள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

டிரைவர் வீட்டுக் கூடத்தில் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் இன்னும் ரெண்டு மூணு பேரும் இருந்தார்கள். டிரைவரின் மகள் தட்டில் பழத்தோடு வந்து, கத்தியை நீட்டினாள். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

கத்தியை வாங்கினார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"இதை வெட்ட எனக்கு யோக்கியதை இல்ல, டிரைவர். நான் உங்களுக்குக் குடுத்தது நல்ல மரத்துக் குச்சி இல்ல. வேலியோரத்துப் புளிப்பு மரத்துக் குச்சி. கை தவறிக் குடுக்கல, தெரிஞ்சேதான் குடுத்தேன்."

தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

டிரைவர் கத்தியை எடுத்து, தானே ஒரு துண்டு நறுக்கி அவர் கையில் வைத்தார்.

"முதல்ல சாப்பிடுங்க சார்."

தண்டனை என்று நினைத்தே வாயில் போட்டார். தேனாக இனித்தது. சாட்சாத் அவர் மரத்துப் பழம்தான்.

"எப்படி...?"

"நாலு வருஷமா அதையே நினைச்சுக்கிட்டா இருந்தீங்க? நான் அதை அன்னைக்கே மறந்துட்டேன் சார். காலையில குடுத்ததை நினைச்சு மனசு கேக்காம, சாயங்காலமே நல்ல குச்சி குடுத்து அனுப்பினீங்களே. அதைத்தானே கட்டினேன்."

"நானா? யார்கிட்ட குடுத்து அனுப்பினேன்?"

மருந்துக்கடைக்காரரின் மனைவி நிமிரவே இல்லை. மீதிப் பழத்தை அந்தப் பெண்ணுக்கு நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கேட்டீங்க போங்க" என்று சிரித்தார் டிரைவர். "'அவருக்கு வெக்கமா இருக்காம், அதான் என்னை அனுப்பினார்'னு அக்காதானே சார் கொண்டு வந்து குடுத்தாங்க."