கழலாத மோதிரம்

கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகிலிருந்து அவளை இரண்டு பேர் தூக்கிக் கரையில் நிறுத்தினார்கள். கால்கள் நிற்க மறுத்து மடிந்தன.

துடுப்பைப் பிடுங்கிய பிறகும் விரல்கள் நிமிரவில்லை. இல்லாத துடுப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தன.

முதலுதவிக் கூடாரத்தில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தாள்; அலறினாள். இரண்டு பகலும் ஓர் இரவும் உப்புத் தண்ணீரில் உட்கார்ந்தே வந்தவளுக்கு, உட்காரும் இடத்தில் தோல் என்று சொல்லிக்கொள்ள அதிகம் மிச்சமில்லை.

கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தார்கள். கட்டில் அலையில் ஆடியது. ஆடவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

போட்டியில் எத்தனையாவது இடம் என்று யாரோ சொன்னது காதில் ஏறவில்லை. அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கரையில் காத்திருந்தவனிடம் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

அவன் மேல் ஒரு குறையும் இல்லை. நடுக்கடலில் விடிந்தபோது, இவ்வளவு நேரமும் அவன் நினைவே வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். உப்பில் வீங்கிய உதட்டிலிருந்து "ம்ப்பா" என்றுதான் வந்தது. தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து அவன் கரண்டியால் புகட்டினான்.

மோதிர விரல் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. நர்ஸ் சின்ன ரம்பம் ஒன்றை எடுத்தார். "பயப்படாதம்மா, மோதிரத்தத்தான் அறுக்கப் போறேன்."

"வேணாம் சிஸ்டர், அறுக்காதீங்க. முழுசா எடுத்துரலாம்," என்றான் அவன்.

நர்ஸ் உருகிப்போனார். கொடுத்து வைத்தவள் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தார்.

அவன் கட்டிலருகே மண்டியிட்டான். சோப்பு போட்டான், எண்ணெய் போட்டான். கடைசியில் விரலைச் சுற்றி நூலை இறுக்கி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தபடி மோதிரத்தை நகர்த்தினான். வியர்வை சொட்டியது.

அவளுக்கு மனசு குறுகுறுத்தது. பாவி, இன்றைக்குப் பார்த்தா இவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிறகு, அடுத்த வாரம் என்று. பிறகு, சொல்லாமலே கல்யாணம் செய்துகொண்டால்தான் என்ன என்று.

மோதிரம் வந்துவிட்டது. கூடாரமே கை தட்டியது.

அவன் அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல், மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடத் தொடங்கினான்.

அப்போதுதான் அவன் கையைப் பார்த்தாள். நிச்சயத்தன்று அவள் போட்டுவிட்ட மோதிரம் அதில் இல்லை. அது கிடந்த இடத்தில் வெளுத்த தடம்கூட இல்லை. கழற்றி வெகுநாளாகியிருக்க வேண்டும்.

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஒரு கடலைக் கடந்து அவள் வந்து சேர்ந்த முடிவுக்கு, அவன் கால் நனையாமல் எப்போதோ வந்திருக்கிறான்.