இருபது நிமிட இடைவெளி

"ஓடாதேப்பா. அந்த டிவியை நீயே எடுத்துக்கோ. போறதுக்கு முன்னாடி தொட்டிக்கு மருந்து மட்டும் ஊத்திட்டுப் போ."

பினாங்கு வீட்டுக்குள் புகுந்த திருடன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். கண்ணாடித் தொட்டிக்கு மேலிருந்த காமிராவிலிருந்து வந்தது குரல். பேசியவர் வீட்டுக்காரர் பூன் தெய்க். ஈப்போவில் மைத்துனி மகளின் கல்யாண விருந்தில், கையில் போனோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி சியூ பெங் தன் போனில் போலீஸோடு கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வர அரை மணி நேரமாகுமாம். அதுவரை ஆளைப் பிடித்துவைக்க வேண்டும்.

"மருந்தா? மீனுக்குக் காய்ச்சலா பாஸ்?"

"மீனுக்கில்ல. பச்சையா, விரல் விரலா ஆடுதே, அந்தப் பவளத்துக்கு. ஆறு வருஷமா வளர்க்கறேன். ரெண்டு நாளா மருந்து போகல, செத்துடும்."

அது பொய்யில்லை. தன் கல்யாண நாளை மறந்தாலும் மறப்பார். பவளம் வாங்கிய தேதியை மறக்க மாட்டார்.

"முதல்ல நீல பாட்டில், பத்து மில்லி. இருபது நிமிஷம் கழிச்சு வெள்ளை பாட்டில்."

"ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டா வேலை முடிஞ்சுதே."

"சேர்த்தா தண்ணி பால் மாதிரி வெளுத்துடும், மருந்தெல்லாம் வீண். நேரம்தான் முக்கியம்."

திருடன் நீல பாட்டிலை ஊற்றிவிட்டுச் சமர்த்தாக சோபாவில் உட்கார்ந்தான். பூன் தெய்க் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நீங்க பார்த்துட்டே இருந்தா கூச்சமா இருக்கு பாஸ்." காமிராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். அப்புறம் குரல் மட்டும் கேட்டது. "தினமும் எத்தனை மணிக்கு ஊத்துவீங்க?"

"காலையில ஏழு மணிக்கு, விளக்கு எரியறதுக்கு முன்னாடி."

"விளக்கு எவ்வளவு நேரம்?"

"எட்டு மணி நேரம்."

"தண்ணிச் சூடு?"

"இருபத்தஞ்சு டிகிரி."

ஆறு வருடத்தில் வீட்டில் ஒருவர்கூட இதையெல்லாம் கேட்டதில்லை. பூன் தெய்க்குக்குக் குஷி பிறந்துவிட்டது. கேட்காததையும் சேர்த்துச் சொன்னார், பவளம் இன்றைக்கு என்ன விலை போகும் என்பது உட்பட.

தண்ணீர் சலசலத்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கேப்பா."

"கை கழுவறேன் பாஸ்."

அதன் பிறகு சத்தமே இல்லை. பத்து நிமிடம் கழித்து வேறொரு குரல் வந்தது.

"போலீஸ் பேசறோம். ஆள் பின்வாசல் வழியா போயிட்டான் சார். ஆனா டிவி, நகை, பணம் எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கு."

"பாவம், நல்லவன் போல," என்றாள் சியூ பெங்.

போலீஸ்காரர் காமிராவைத் தொட்டிப் பக்கம் திருப்பினார். வெறும் பாறைமேல் இரண்டு மீன்கள் மட்டும் நீந்திக்கொண்டிருந்தன.