வேரோடு வந்த பூ

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இசாமுவின் கையிலிருந்த பூந்தொட்டியைக் கண்டதும் மாமியார் தொமோயே கொதித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கமேலியாவா? தலை துண்டான மாதிரி முழுப்பூவா விழுமே!"

"முழுசா விழறது சுபாகி, அத்தே. இது சசாங்கா. ரெண்டும் கமேலியாப் பேரினம்தான், ஆனா இது இதழ் இதழாத்தான் உதிரும்."

"பாடத்தைக் காலேஜ்ல நடத்துங்க! வேரோட செடி கொண்டாந்தா, படுத்தவ படுக்கையிலயே வேர் புடிச்சிருவா. எம்பொண்ணு வீடு திரும்ப வேணாமா?"

"வேர் புடிக்கணும்னுதான் தொட்டியோட வாங்கினேன்."

தொமோயேவுக்குக் கண் சிவந்தது. அதற்குள் கதவு திறந்தது. நர்ஸ் சிரித்துக்கொண்டே அவள் கையில் ஒரு துணிப்பொதியை வைத்தாள். உள்ளே ஒரு பெண் குழந்தை வீறிட்டது.

"செடி உங்க பொண்ணுக்கில்ல, அத்தே. இவளுக்கு," என்றான் இசாமு. "முன்னாடி வயித்துல உண்டானது எதுவும் தங்கலையே. இவளாவது வேர் புடிக்கட்டும்."

தொமோயே பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்புறம் என்ன வேடிக்கை? செடிக்குத் தண்ணி ஊத்துங்க மாப்பிள்ளே!"