ஏழாவது வரி

“சிரிக்கும்போதுகூட உங்க கண்ணு சிரிக்கலைங்க...” அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு போனில் குழைந்தார் அவர். ஐம்பதைத் தாண்டிய மனுஷனுக்கு அந்தக் குரல் கொஞ்சமும் பொருந்தவில்லை.

“இதை அப்படியே சொல்லு. சொல்லிட்டு மூணு விநாடி வாயைத் திறக்காதே,” என்றார் அடுத்த நொடியே, அதட்டலாக.

பெண்களை மடக்குவது எப்படி என்று பையன்களுக்கு வகுப்பெடுப்பதுதான் அவர் பிழைப்பு. வீட்டில் கேட்டால் ‘ஆளுமைப் பயிற்சி’ என்பார். மாணவர்களுக்கு அவர் மாஸ்டர்.

பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்த மாணவன், காபி வாங்கும் சாக்கில் கவுண்டரில் நின்று கிசுகிசுத்தான். “சொல்லிட்டேன் மாஸ்டர். காலேஜ் பொண்ணு, நல்லாத்தான் பேசுனா. அப்பா பேச்சை எடுத்ததும் முகம் வாடிப்போச்சு.”

“ஏன்?”

“அவர் இவகூட முகம் கொடுத்தே பேசுறதில்லையாம்.”

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கோடா! ‘உங்க பேச்சை யாருமே காது கொடுத்துக் கேட்டதில்லை, இல்ல?’னு கேளு. கரைஞ்சுடுவா.”

கதவு தட்டும் சத்தம். “என்னங்க, டீ ஆறிட்டிருக்கு...” மனைவி.

“வேலையா இருக்கேன்ல? அப்புறம் வா!” என்று எரிந்து விழுந்தார். காலையில் மகளுக்குக் கிடைத்ததும் இதே பதில்தான்.

கால் மணி நேரத்தில் மாணவன் மறுபடி கூப்பிட்டான். குரலில் சந்தோஷமே இல்லை.

“அழுதுட்டா மாஸ்டர். என் ரூமுக்கு வர்றேன்னுட்டா. வீட்டுல என்ன சொல்றதுன்னுதான் பயப்படுறா. பார்க்கவே பாவமா இருக்கு. விட்டுடட்டுமா?”

“பாவம் பார்த்தா நீ உருப்பட்ட மாதிரிதான்! நான் எழுதிக் கொடுத்த வரிகள்ல ஏழாவதை அவளுக்குச் சொல்லிக் கொடு. ‘பிரிண்ட் எடுக்குற கடையில மெஷின் ரிப்பேர், வர ரெண்டு மணி நேரமாகும்.’ எந்த வீட்டுலயும் மறுகேள்வி வராது. சொன்ன கையோட ரெண்டு பேரும் போனை ஆஃப் பண்ணிடுங்க.”

“சரி மாஸ்டர்,” என்று அரை மனதோடு வைத்துவிட்டான்.

இந்த மாதமும் ஒருத்தன் தேறிவிட்டான். சோம்பல் முறித்து, மெல்லச் சீட்டியடித்தபடி அறையை விட்டு வெளியே வந்தார் மாஸ்டர். மனைவி அப்போதுதான் போனை மேஜைமேல் வைத்தாள்.

“டீயைச் சூடு பண்ணிக் கொடு. போன்ல யாரு?”

“நம்ம பொண்ணுதாங்க. பிரிண்ட் எடுக்குற கடையில மெஷின் ரிப்பேராம், வர ரெண்டு மணி நேரமாகுமாம்.”