கயிற்றின் மறுமுனை

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வித்தா என்ன—”

“எத்தனை வாட்டிம்மா கேக்கிறது? தார்ப்பாய்க்குள்ள கிடந்து துருப்பிடிச்சு—”

“கிடக்கட்டுமே! உங்ககிட்ட சோறா கேட்டுச்சு?”

ஏரியில் ஓட்டும் பழைய நீர் ஸ்கூட்டர்களை வாங்கிச் சீராக்கி ஓடவிடுவது அவள் கணவருக்குப் பொழுதுபோக்கு. இப்போது விலைபேசியிருக்கும் இது மட்டும் வாங்கியதல்ல, அவள் தம்பியுடையது. அவன் ஏரியில் விழுந்த அன்று வண்டி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. வண்டி இருக்கும்வரை அவன் வருவான் என்று அவளுக்குள் ஒரு கணக்கு.

“சாயங்காலம் ஆள் வர்றான். ஒருதரம் ஓடவிட்டுப் பாத்துடறேன்.”

கரையில் ஓடும்போது சூடேறாமலிருக்கத் தோட்டக் குழாயை இன்ஜினில் மாட்டினார். புதுச் சிவப்புக் கயிற்றின் ஒரு முனையைச் சுவிட்சில் செருகினார். மறுமுனையிலுள்ள வளையம் ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கு. ஆள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். கார் கொட்டகையில் யார் விழப்போகிறார்கள் என்று வளையத்தைத் தொங்கவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

“பாத்தியா! உன் தம்பி வண்டி உன்னை மாதிரியேதான். ஆரம்பிச்சா ஓயாது.”

அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு தொங்கவில்லை. காலி இருக்கைக்கு மேலே, கைப்பிடியை ஒட்டி, விறைப்பாக நின்றது. நுனியில் வளையம் ஒரு மணிக்கட்டு அளவுக்கு இறுகியிருந்தது.

அவரும் பார்த்தார். இன்ஜினை நிறுத்தக் கயிற்றை நோக்கிக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிடுங்காதீங்க. விழுந்துடுவான்.”