அதே வால்வு

வால்வை மாட்டி, அவள் அதை இறுக முடுக்கினாள். இந்த ஒரு காலைக்காகத்தான் இரண்டு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இந்தப் பட்டறையிலேயே வேலை பார்த்தாள்.

காருக்கு அடியிலிருந்து சறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மணிக்கு நானூறு கிலோமீட்டர் பறக்கும் ஹைட்ரஜன் கார். அதை இன்று முதலாளியே ஓட்டிக் காட்டப் போகிறார்.

"கசிவு இருக்கான்னு பாரு" என்றாள் மீசைக்கார மெக்கானிக்கிடம்.

அவன் கருவியைக் குழாய் நெடுக நகர்த்தினான். "சுத்தமா இருக்குக்கா."

"இன்னொரு தடவை பாரு."

இரண்டாம் தடவையும் கருவி வாய் திறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் தம்பி ஓட்டிய வண்டியும் இதே சோதனையில் தேறியதுதான். மூன்றாவது சுற்றில் வால்வு பிளந்து வண்டி பற்றி எரிந்தது. அவன்தான் என்று அடையாளம் சொல்லக் கைக்கடிகாரம் மட்டும் மிஞ்சியது.

அந்த வால்வுகள் ஆகாது, மொத்தத்தையும் திருப்பி அனுப்புங்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவள் அவள். அப்படியொரு காகிதம் தன் கைக்கு வரவே இல்லை என்று விசாரணையில் சாதித்துவிட்டார் முதலாளி. "வால்வுல ஒரு குறையும் இல்ல. பையன் குடிச்சிட்டு ஓட்டினான்" என்று சத்தியமும் செய்தார்.

இருமல் மருந்துக்கே முகம் சுளிக்கிறவன் அவன். அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அம்மா வாசலைத் தாண்டியதில்லை.

ஓடுதளத்தின் ஓரம் பத்திரிகைக்காரர்கள் முண்டியடித்தார்கள். அன்று விசாரணை நடத்திய பெண் அதிகாரியும் பாதுகாப்புச் சான்று தர வந்து நின்றிருந்தார். முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"இந்த வண்டி பொட்டுப் புகை விடாது. பின்னாடி வர்றது வெறும் தண்ணி! வேகமும் வேணும், காத்தும் கெடக்கூடாது. அதுதான் என் கனவு!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இந்தக் கனவுக்குத்தான் தம்பி விறகானான் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாளி இருக்கையில் அமர்ந்து வண்டியைக் கிளப்பினார். பெல்ட் மாட்டிவிடும் சாக்கில் அவள் குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சார், என் தம்பி வண்டியில இருந்த அதே செட் வால்வைத்தான் இதுலயும் மாட்டியிருக்கேன்."

அவர் முகம் வெளிறிப்போனது. "என்ன உளர்றே?"

"ஒரு குறையும் இல்லாத வால்வுதானே சார்? மூணே மூணு சுத்து. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். பெல்ட்டைப் பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்து எழுந்தார். காலணி ஒன்று கழன்றது கூடத் தெரியாமல் கூட்டத்தை நோக்கி ஓடினார்.

"எல்லாரும் தள்ளிப் போங்க! வண்டி வெடிச்சிடும்! அந்த வால்வு தாங்காது, சூடேறினா பிளந்துடும்!"

கூட்டம் சிதறியது. பெண் அதிகாரி மட்டும் அவரை மறித்தார். "தாங்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவதான் அப்பவே எழுதிக் குடுத்தாளே! நான்தான் அதைக் கிழிச்சுப் போட்டு..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர்கள் நின்றார்கள். கேமராக்கள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. "கிழிச்சுப் போட்டு? மேல சொல்லுங்க" என்றார் அதிகாரி.

முதலாளி திரும்பிப் பார்த்தார். அவள் வண்டியை விட்டு ஓர் அடிகூட நகராமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொலைகாரி! என்னைக் கொல்லத்தானே பார்த்தே?" என்று கத்தினார்.

"இதுல இருக்கறது புது வால்வு சார்."